பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை

கம்பாலா, குடும்ப நீதிமன்றம், இரண்டாம் மாடி.
மின்விசிறி சுழலாத அறையில்
லுகாண்டாவில் விழுவதை
ஆங்கிலத்தில் எடுத்து வைப்பது என் வேலை.
பிரமாணம் செய்திருக்கிறேன்:
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.
கண்ணீருக்கு மொழிபெயர்ப்பு கிடையாது.
அதற்குத் தனியாகப் படியும் கிடையாது.

மனுதாரர்கள் இல்க்கா, மார்யுத். பின்லாந்து.
பதினோரு வாரமாக
விடுதிக் கொசுவலைக்குள் கோப்பு படிக்கிறவர்கள்.
அவர் காலுறையில் செம்மண்.
அவள் கைப்பையில்
சம்பளச் சான்று, மருத்துவச் சான்று,
எந்தக் குற்றமும் செய்ததில்லை என்று
அந்த ஊர்க் காவல்துறை கொடுத்த சான்று,
வீட்டின் புகைப்படம்: சுற்றிலும் பனி,
மஞ்சளாய் ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குள்
ஒரே ஒரு சின்னக் கட்டில்.

குழந்தை மார்யுத்தின் மடியில்
அவள் கைக்கடிகாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பிறந்த தேதி கேட்ட கட்டத்தில்
கண்டெடுத்த தேதி.

சாட்சி, கான்ஸ்டபிள் நந்துமே.
அவள் சொன்னாள், நான் சொன்னேன்:
விடியற்காலை. நடேதே சந்தை.
கரி மூட்டைகளுக்குப் பின்னால்
சோப்பு வந்த அட்டைப்பெட்டி.
பெட்டி பெரியது.
பிள்ளை ஓர் ஓரமாய்க் கிடந்தது.
மறு ஓரத்தில் துணி குழிந்திருந்தது.
சட்டையில் ஊக்கு குத்திய தாள்.
தாளில் ஒரு சொல்.

என்ன சொல், என்றார் நீதிபதி.

பாபிரியே.

குழந்தையைச் சேர்க்காமல்
அறையில் ஒன்பது பேர் இருந்தோம்.
ஏழு பேர் மூச்சை ஒரு கணம் பிடித்துவைத்தோம்.
நீதிபதியின் பேனா
எழுத்துக்கூட்டத் தெரியாததுபோல் நின்றது.
வக்கீல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.
அவர் பெயர் காட்டோ.
அவருக்கு இருபது நிமிடம் மூத்தவர்
ஜிஞ்சாவில் லாரி ஓட்டுகிறார்.

பேனா நகர்ந்தது.
பத்திரிகையில் படம் போட்டீர்களா? போட்டோம்.
உரிமை கோரி யாராவது? யாருமில்லை.
உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில்
'தெரியவில்லை'க்கு நேராக ஒரு டிக்.
யாரும் கேட்கவில்லை,
அதனால் நான் மொழிபெயர்க்கவுமில்லை.
காப்பாளர் உரிமை வழங்கப்பட்டது.
இல்க்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.

கீழே ஜெராக்ஸ் கடையில் மார்யுத் சொன்னாள்:
பெயரை மாற்றப் போவதில்லை, அழகாக இருக்கிறது.
என்ன அர்த்தம்?

பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை என்பது விதி.
விதி இரண்டாம் மாடியோடு சரி.
இரட்டையரில் மூத்தவள், என்றேன்.

முதலில் சிரித்தாள்.
எண்ணி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.
இளையவளுக்கு?
நகாட்டோ.
அதை யாரும் யோசித்து வைப்பதில்லை, அம்மா,
பிள்ளைக்கு முன்பே பிறந்திருக்கும் பெயர்.

இல்க்கா கேட்டார்: உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியுமா?
தெரியும்.
நீதிபதிக்கு?
ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம்
தீர்ப்புக்கு அடியில் போய்த் திரும்பியது.

அந்தக் குழிக்குள் கிடந்தவள்
செத்துப்போனவளா, தூக்கிக்கொண்டு போனவளா?
தாளில் அது இல்லை.
எழுதத் தெரிந்த ஒருத்தி
ஒரே சொல்லில் ரெண்டு பேரை எழுதி
ஊக்கு குத்தியிருக்கிறாள், அவ்வளவுதான்.
மூன்று தடவை எழுத்துச் சரிபார்த்து
தீர்ப்பின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள் மார்யுத்:
நகாட்டோ.

வியாழன் விமானம்.
சனிக்கிழமைப் பேப்பரில், படம் இல்லாமல்
நாலு வரி அறிவிப்பு.
இன்ன சந்தை, இன்ன தேதி, தங்கை இருந்தால்.
கடைசியில் ஒரு வெளிநாட்டு எண்.
கோப்போடு வைத்துப் பார்த்தேன்.
அச்சுக்காரன் ஓர் இலக்கம் விட்டிருந்தான்.

மதிய இடைவேளையில் நடேதே வேன் ஏறினேன்.
கடலைக்காரி
அதே பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.
மிச்சம் இருந்த ஆறு பிரதிகளில்
பேனாவால் ஒரு ஏழு கூட்டினேன்.
வாங்கப் போகிறாயா இல்லையா, என்றாள்.